கந்தமாதனத்தின் மேல்தளத்தில்

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கி, உடை மாற்றி ராமநாதரைத் தரிசித்ததும் யாத்திரிகர்கள் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கந்தமாதன பர்வதம் ஆட்டோக்காரர் போகிற போக்கில் காட்டும் இடமாகிவிட்டது. "பத்து நிமிடம் போதும் சாமி" என்றுதான் எங்களையும் இறக்கிவிட்டார்.

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். வழியெங்கும் உடைமரங்கள், சுக்ரீவ தீர்த்தமும் சாட்சி அனுமார் கோயிலும் இதே பாதையில்தான். பர்வதம் என்றாலும் மணல்மேடுதான். ஆனால் பாம்பன் தீவில் இதைவிட உயர்ந்த நிலம் இல்லை. உச்சியில் இரண்டடுக்கு மண்டபம், உள்ளே சக்கரத்தின் மேல் ராமர் பாதம். வடநாட்டு மூதாட்டி ஒருவர் அந்தப் பாதத்தில் நெற்றியை வைத்தவர் எடுக்கவே இல்லை. முந்தானை நுனி ஈரக் குங்குமத்தில் தோய்ந்து சிவந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அனுமன் இங்கிருந்துதான் இலங்கைக்குத் தாவினான் என்பார்கள். வால்மீகி மகேந்திர மலை என்கிறார். அந்த வழக்கை மேலே ஏறியபின் யார் நடத்தப்போகிறார்கள்!

மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. பச்சைப் பரப்புக்கு அப்பால் கடல். ஊர்ப் பக்கம் கோயில் கோபுரம். அதை மிஞ்சிக்கொண்டு 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம். எனக்கு அது உறுத்தவில்லை. வரும் வழியில் ரயிலில் கடந்த புதிய பாம்பன் பாலம்தான் நினைவில் ஓடியது. 2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். 1914-இல் வந்த பழைய பாலமோ இரண்டாகப் பிளந்து திறந்து வழிவிட்டது. இந்தக் கடலைத் தாண்டும் கவலை ராமனோடு தீரவில்லை.

ராமநாதரை ராமன் பூசித்தது போர் முடிந்து திரும்பியபோது. இந்த மேட்டின் கதையோ அதற்கு முந்தியது. சேது எழவில்லை, சீதை அக்கரையில் இருக்கிறாள். அதனால் முதலில் இங்கே ஏறிவிட்டுக் கோயிலுக்குப் போவதே முறை என்று எனக்குப் படுகிறது. காலையிலேயே போய்விடுங்கள். செருப்பைக் கீழே விட வேண்டும். உச்சிவெயிலில் மேல்தளத்துத் தரை காலை வைக்க விடாது.