புதுச் சுவருக்குப் பெயின்ற் தெரிவு செய்த அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குச் சீமெந்துப் பூச்சு முடிந்ததும், மாரிக்கு முன்னர் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடித்துவிட வேண்டுமென்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. கடைகளில் நிறத்தையும் விலையையும் பற்றித்தான் பேச்சு. நான் எந்தப் பிசினில் செய்தது என்று விசாரித்தேன். நிறமியைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது பிசின்தான். அது சிதைந்தால் எவ்வளவு நல்ல நிறமும் தூளாகக் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

எண்ணெய் அடிப்படையிலான மினுமினுப்புப் பெயின்றான எனாமலை முதலிலேயே விலக்கினேன். அதிலுள்ள அல்கைட் பிசின் எசுத்தர்ப் பிணைப்புகளால் ஆனது. ஈரமான புதிய சீமெந்தின் பி.எச். பெறுமானமோ 12 இற்கு மேல், அதாவது கடுங்காரம். அந்தக் காரம் பிணைப்புகளை அறுத்து, பிசினைச் சவர்க்காரமாக்கிவிடும். அயலிலுள்ள ஒரு மதிலில் இதைக் கண்டிருந்தேன்: மேலே மினுமினுப்பு, விரலால் அழுத்தினால் அடியில் பிசுபிசுப்பு, நகம் பட்ட இடத்தில் தோலாக உரிந்தது.

"தம்பி, மழை துவங்கினால் வேலை நிண்டுபோம், இப்பவே அடிப்பம்" என்றார் பெயின்ரர். "பூச்சு காயட்டும் அண்ணை" என்று நான்கு வாரம் பொறுக்கச் சொன்னேன். பிறகு ஒரு பொலித்தீன் துண்டின் ஓரங்களைச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். உட்பக்கத்தில் நீர்த்துளி படியவில்லை. ஆனால் காரத்தில் நிறம் மாறும் பினோப்தலீன் கரைசலைத் தொட்டு வைத்த இடம் உடனே இளஞ்சிவப்பானது. ஈரம் போயும் காரம் போகவில்லை என்பதால், காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிறைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடித்தோம்.

மேற்பூச்சுக்கு நீர் சார்ந்த பெயின்றான தூய அக்ரிலிக் எமல்சனையே எடுத்தேன். அதன் பிசினின் முதுகெலும்பு காபன்–காபன் சங்கிலி. காரம் அதை இலகுவில் அறுக்காது, புறஊதாக் கதிரையும் அது அதிகம் உறிஞ்சுவதில்லை. விலை குறைந்த ஸ்ரைரின் அக்ரிலிக் நீரை நன்றாகத் தாங்கினாலும், ஸ்ரைரினிலுள்ள அரோமற்றிக் வளையம் (காபன் அணுக்கள் வளையமாகப் பிணைந்த அமைப்பு) புறஊதாவை உறிஞ்சுவதால், நிழலில்லாத வன்னி வெயிலில் மஞ்சளித்துத் தூளாகும் வாய்ப்பு அதிகம். அதை விறாந்தையின் உட்சுவருக்கு மட்டும் எடுத்தது நியாயமான சிக்கனம் என்றே இன்றும் கருதுகிறேன்.

அடிக்கும் நேரமும் முக்கியம். எமல்சனிலுள்ள பிசின் துணிக்கைகள் நீர் ஆவியாகும்போது நெருங்கி, அமுங்கி ஒன்றோடொன்று இணைய வேண்டும். சுட்ட சுவரில் நீர் சட்டென்று போய்விட்டால் படலம் முழுமையடையாது. ஆகவே காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பார்த்தே வேலை செய்தோம்.

இரும்புக் கேற்றில் காரம் இல்லை. அங்கே அல்கைட் எனாமல் பொருந்தும். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பிறைமர் அடித்த பின் அதையே பூசினோம்.