முதல் இதழைத் தேட வேண்டாம்

திரைப்படங்களில் ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் பார்த்து வளர்ந்த என் அக்கா மகன், அவர்களுடைய காமிக்ஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று சென்ற வாரம் கேட்டான். முதல் இதழிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். பல பத்தாண்டுகளாக வெளிவந்துகொண்டிருக்கும் தொடர்களை அப்படிப் படிக்கப் புகுந்தால் சீக்கிரமே சலிப்பு தட்டிவிடும். ஓரிரு மாலைகளில் முடித்துவிடக்கூடிய, தன்னளவில் முழுமையான ஒரு கதையை முதலில் எடுப்பதே நல்லது.

நான் அவனிடம் கொடுத்தவை 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 31 முதல் 33 வரையிலான மூன்று இதழ்கள். 1965இன் இறுதியிலும் 1966இன் தொடக்கத்திலும் வந்த இக்கதைக்கு வசனம் ஸ்டான் லீ. ஓவியத்தோடு கதைப்போக்கையும் அமைத்தவர் ஸ்டீவ் டிட்கோ. முன்பு பீட்டர் (ஸ்பைடர்மேனின் இயற்பெயர்) கொடுத்த ரத்தத்திலிருந்த கதிரியக்கமே நஞ்சாகி, அவனை வளர்த்த மே அத்தை மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறார். அவரைக் காப்பாற்றும் மருந்து வில்லன் டாக்டர் ஆக்டபஸின் கையில் சிக்கியிருக்கிறது. அதைத் தேடி நீருக்கடியிலுள்ள மறைவிடத்துக்குச் செல்லும் பீட்டர்மீது மலைபோன்ற ஓர் இயந்திரம் சரிந்து விழ, மருந்துக் குப்பி கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறது. மேற்கூரையிலிருந்து நீர் கசிகிறது. 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்களை அவசரப்படாமல் பாருங்கள். அவன் முயல்கிறான், முடியாமல் துவள்கிறான், அத்தையையும் மறைந்த பென் மாமாவையும் நினைத்து மீண்டும் முதுகைக் கொடுக்கிறான். கட்டங்கள் படிப்படியாகப் பெரிதாகி, அவன் இயந்திரத்தைத் தூக்கிவிடும் கணம் ஒரு முழுப் பக்கத்தையும் நிரப்புகிறது. அந்தப் பக்கங்களில் எதிரி எவனும் இல்லை. ஓர் இளைஞனும் அவன் மேல் கிடக்கும் பாரமும் மட்டுமே. சூப்பர்ஹீரோ கதைக்கு இதைவிடச் சிறந்த அறிமுகம் எனக்குத் தெரியாது.

அடுத்து, ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுக்கெல்லி வரைந்த 'பேட்மேன்: இயர் ஒன்'. 1987இல் நான்கே இதழ்களில் முடிந்த கதை. கோத்தம் நகருக்கு ரயிலில் வந்திறங்கும் காவல் அதிகாரி கார்டன் விமானத்தில் வந்திருக்கலாமே என்று நினைக்கிறார். அதே நாளில் விமானத்தில் வரும், பின்னாளில் பேட்மேனாகும் புரூஸ், மேலிருந்து பார்த்தால் எதிரி கண்ணில் படுவதில்லை, ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறான். இருவரின் இயல்பும் தொடக்கத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. இது பேட்மேன் கதை என்பதைவிட, ஊழல் மலிந்த காவல் துறையில் நேர்மையாக இருக்கப் போராடும் கார்டனின் கதை என்றே நான் சொல்வேன்.

சூப்பர்மேன் பிடிக்குமென்றால், கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் பன்னிரண்டு இதழ்களில் படைத்த 'ஆல் ஸ்டார் சூப்பர்மே'னைத் தயங்காமல் எடுக்கலாம்.

1973இல் வந்த, பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கும் 121, 122ஆம் ஸ்பைடர்மேன் இதழ்களை மட்டும் அக்கா மகனுக்கு இப்போது கொடுக்கவில்லை. பாலத்திலிருந்து விழுபவளின் காலை வலை பற்றிக்கொள்ள, கழுத்தருகே சிறிய எழுத்துகளில் 'ஸ்னாப்' என்று, முறியும் ஒலியைக் குறிக்கும் ஒற்றைச் சொல் இருக்கும். பீட்டர் அதை அறியாமல், காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியில் அவளை மேலே இழுப்பான். க்வென்னோடு சில இதழ்களாவது பழகிய பிறகுதான் அக்கா மகன் அந்தப் பக்கத்துக்கு வர வேண்டும்.