கடைசி நாளின் 67 கிலோமீற்றர்: கிளிநொச்சியிலிருந்து முற்றவெளி வரை

தெற்கிலிருந்து நிதி சேர்த்துக்கொண்டு வரும் சைக்கிள் பயணங்களில் பெரும்பாலானவை ஏ9 என்ற கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை வழியாகத்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைகின்றன. மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று வரும் பாதையும் உண்டு. அதுவும் கடைசியில் நாவற்குழியில் ஏ9-இல்தான் ஏறும். இந்தப் பதிவு ஏ9-இன் கடைசி நாளை, யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளி மைதானத்தில் முடியும் ஓட்டத்தைப் பற்றியது. வரைபடத்தில் பார்த்தால் அதுதான் மிகச் சுலபமான நாள். ஏற்றம் இல்லை, தூரமும் குறைவு. அதனாலேயே ஏற்பாட்டாளர்கள் அந்த நாளுக்கு ஆகக் குறைந்த யோசனையைச் செலவிடுகிறார்கள். நான்கைந்து நாள் உழக்கிய கால்களும், தேய்ந்த பிறேக்கும், 'இனி வந்திட்டுது' என்ற நினைப்பும் ஒன்றாகச் சேரும் நாள் அது. மற்ற நாட்களைவிடக் கூடுதலாகத் திட்டமிட வேண்டியது அதைத்தான்.

முதல் முடிவு, முந்தின இரவு எங்கே தங்குவது என்பது. வவுனியாவில் தங்கினால் மிச்சம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர், மாங்குளத்தில் என்றால் 95, கிளிநொச்சியில் என்றால் 65 முதல் 70. கிளிநொச்சியே சரி என்பது என் உறுதியான கருத்து. வவுனியாவிலிருந்து புறப்படும் கலவையான குழு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு ஆனையிறவை அடையும்போது உச்சி வெயில் பிடித்துவிடும். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கிளிநொச்சியிலிருந்து காலை 5.30-க்கு முன்பின் விளக்குகளுடன் புறப்பட்டு மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், நிற்கும் நேரம் முக்கால் மணியையும் சேர்த்துப் பத்து மணியளவில் யாழ்ப்பாணம் வந்துவிடலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியிலிருந்து பரந்தன், ஆனையிறவு வரை வீதி ஏறக்குறைய வடக்கே போகிறது. இயக்கச்சிக்குப் பிறகு பளை, மிருசுவில், கொடிகாமம் என்று வடமேற்கே சாய்கிறது. சாவகச்சேரி தாண்டினால் மேற்கு. ஆகவே ஒரே காற்று மூன்று விதமாக அடிக்கும். மே முதல் செப்ரெம்பர் வரையான சோழகம் தென்மேற்கிலிருந்து வருவதால், ஆனையிறவு வரை முதுகில் தள்ளிவிடும். பளைப் பக்கம் இடது விலாவில் அடிக்கும். கைதடி, நாவற்குழியில் இடது முன்பக்கமாக முகத்துக்கு வரும். காலையில் காற்று உதவுகிறது என்று வேகமாக உழக்கிக் கால்களைக் களைக்கவைத்தவர்கள் கடைசிப் பதினைந்து கிலோமீற்றரில் தவிப்பது இதனால்தான். வெயில் ஏற ஏற காற்றும் ஏறும். மாரியில் அடிக்கும் வாடை இதற்கு மறுதலை: ஆனையிறவு வரை எதிர்க்காற்று, பிறகு வலப்பக்கக் காற்று.

பக்கக் காற்றில் நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் மறைப்புக் கிடைக்காது. சோழகத்தில் பின்னால் வருபவர் முன்னவரின் வலப்பின்புறம் நிற்க வேண்டும். ஆனால் அப்படி ஐந்து பேர் சரிந்து நின்றால் ஐந்தாமவர் வீதியின் நடுவில் நிற்பார். இரண்டு பேர், கூடினால் மூன்று பேர், அதோடு அந்தச் சரிவை நிறுத்தி அடுத்தவர் மறுபடி ஓரத்திலிருந்து தொடங்கட்டும். வாடையில் மறைப்பு இடப்பக்கம் இருக்கும். அப்போது முன்னவர் தனக்கு இடப்புறம் ஒரு மீற்றர் தார் விட்டுக் கொடுக்காவிட்டால் பின்னவர் மணலில் இறங்கிவிடுவார். எந்தக் காற்றிலும் உங்கள் முன்சில்லு முன்னவரின் பின்சில்லோடு பக்கவாட்டில் மேற்படக் கூடாது. இரண்டும் உரசினால் முன்னவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது பின்னால் வருபவர்தான்.

வாடைக் காலத்தில் இன்னொரு ஆபத்து. காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு லொறி முந்தும்போது அது காற்றை முழுதாக மறைக்கும். சாய்வுக்குத் தாங்கல் இல்லாமற்போய் சைக்கிள் லொறிப் பக்கம் இழுபடும். லொறி கடந்ததும் காற்று திடீரென்று திரும்ப அடிக்கும். லொறிச் சத்தம் கேட்டவுடன் உழக்குவதை விடாமல், முழங்கையைத் தளர்த்தி, ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் நேரே போக வேண்டும். ஆனையிறவு வெளியில் இதற்கு ஆயத்தமாக இருங்கள். கடலேரிக்கு மேலால் வரும் காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

தட்டைத் தரைக்கு ஒரு தண்டனை உண்டு. மலைநாட்டில் ஏறும்போது தானாகவே எழும்பி உழக்குவீர்கள், இறங்கும்போது கால் ஓயும். இங்கே மூன்று மணி நேரம் ஒரே இருப்பு. நாலாம் ஐந்தாம் நாள் இருக்கைப் புண் பெரிதாவது அதனால்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் பெடலில் எழும்பி நில்லுங்கள். மெத்தை வைத்த காற்சட்டைக்கு உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம், தையல் அறுக்கும். முந்தின நாள் காயாத காற்சட்டையைப் போடுவதைவிடக் காய்ந்த பழையது மேல். உராயும் இடத்தில் வாசலின் பூசலாம். சின்னி விரலும் மோதிர விரலும் விறைத்தால் உள்ளங்கையின் வெளி ஓர நரம்பு நசிபடுகிறது என்று அர்த்தம். பிடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் போதும். புட்டு வயிற்றில் கனக்கும், உறைப்புச் சம்பலும் இந்த வெயிலுக்கு உதவாது. பிறகு மணித்தியாலத்துக்கு இரண்டு கதலிப்பழமும் ஒரு துண்டுப் பனங்கட்டியும். தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர். வெறும் தண்ணீரையே லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் பைக்கற்றை முழு ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். சின்னப் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டிவிட்டு வயிறு பிரட்டுகிறது என்பவர்கள் நிறையப் பேர். பைக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

ஒருவர் உளறினாலோ, நேராகப் போகத் தடுமாறினாலோ, அவருக்கு வேர்க்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கத்தில் வேர்வை தொடர்ந்தும் வரலாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது.

சைக்கிளுக்கு வருவோம். புறப்படுமுன் காற்று அடியுங்கள். 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீற்றர் ரயர் என்றால் 75 முதல் 80 பி.எஸ்.ஐ., 32 என்றால் 60 முதல் 65. ஊர்ச் சாதாரணச் சைக்கிளுக்கு 45 முதல் 50. வெயிலில் ரயர் வெடிக்கும் என்று பயந்து குறைவாக அடிப்பவர்கள் உண்டு. 20 பாகை சூடு ஏறினால் 80 பி.எஸ்.ஐ. ரயரில் ஆறளவில்தான் கூடும், நல்ல ரயர் அதைத் தாங்கும். வெடிக்கும் ரயர்களில் உண்மையான காரணம் பெரும்பாலும் றிம் பட்டி விலகியிருப்பது, அல்லது ரியூப் ரயருக்கும் றிமுக்கும் நடுவில் நசிந்து கிடப்பது. வெயில் உண்மையில் கெடுப்பது ஒட்டை. வெறும் வெயிலில் சாத்திவைத்த சைக்கிளில், முந்தின நாள் போட்ட ஒட்டு இளகி மெல்லக் காற்று போகும்.

பளை, மிருசுவில் பக்கத்து மணல் ஓரத்தில் நெருஞ்சி முள் இருக்கும். நிற்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்காமல் தூக்கி வையுங்கள். காற்றுப் போனால் வழியிலே ஒட்டுப்போட வேண்டாம், ரியூப்பை மாற்றுங்கள். ஆளுக்கு இரண்டு ரியூப், மூன்று பேருக்கு ஒரு பம்பி. புது ரியூப் போடுமுன் ஒரு துணியை ரயரின் உட்புறம் முழுச் சுற்றுக்கும் ஓட்டிப் பாருங்கள், முள்ளின் நுனி அங்கேதான் முறிந்து நிற்கும். இதைச் செய்யாதவர் ஒரு கிலோமீற்றரில் மறுபடி நிற்பார். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால், ஒட்டைவிடப் பெரிய அளவுக்கு அரத்தாளால் தேய்த்து, சொலூசனை மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். ஈரத்தோடு வைத்த ஒட்டு நிற்காது.

பின்சில்லின் செயின் பக்கத்துக் கம்பிகள்தான் இத்தனை நாள் பாரத்தில் களைத்து முறிபவை. முந்தின இரவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மற்றவற்றைவிட மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. வழியில் ஒன்று முறிந்தால் அதை அடுத்த கம்பியில் சுற்றிக் கட்டி, அதற்கு இரு புறமும் அடுத்திருக்கும், சில்லின் மறுபக்கத்துக் கம்பிகளை அரைத் திருப்பு இளக்கி, றிம் உரசாமல் பிறேக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டால் யாழ்ப்பாணம் வரை வரும். அதன்பின் முன் பிறேக்கை நம்பித்தான் ஓட்டம், அதனால் கூட்டத்தின் பின்னால் வாருங்கள்.

எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, குழுக்களுக்கு நடுவே நூறு மீற்றர் இடைவெளி விடுங்கள். நாற்பது பேர் ஒரே வாலாக வந்தால் முந்தும் பஸ்ஸுக்கு நடுவில் ஒதுங்க இடமில்லை, அது உங்களுக்குள்தான் வெட்டும். நின்ற பஸ்ஸை இடப்பக்கத்தால் ஒருபோதும் கடக்க வேண்டாம், ஆட்கள் இறங்குவது அந்தப் பக்கம். முன்னால் போகிறவர் 'குழி', 'மாடு', 'நிக்கிறம்' என்று சத்தமாகச் சொல்ல, ஒவ்வொருவரும் பின்னுக்குக் கடத்த வேண்டும். அறுவடைக் காலத்தில் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதில் ஏறினால் சில்லு வழுக்கும், அது ஒருவருடைய உழைப்பும்கூட, ஒதுங்கிப் போங்கள். ரயில் கடவையில் தண்டவாளத்தைச் செங்குத்தாக வெட்டிக் கடக்க வேண்டும், பிறேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது.

கடைசியாக ஒன்று சேருவதற்குச் சாவகச்சேரி நல்லது. நிழல், கழிப்பறை, தேத்தண்ணி எல்லாம் உண்டு, யாழ்ப்பாணம் இன்னும் 16 கிலோமீற்றர்தான். அதைத் தவறவிட்டால் கைதடிச் சந்தி. நாவற்குழிப் பாலத்தில் நிற்க வேண்டாம், செம்மணி வெளியிலும் வேண்டாம். யாழ்ப்பாணம் வரவேற்கும் வளைவைக் கண்டதும் எல்லாருக்கும் படம் எடுக்க ஆசை வரும். வளைவின் கீழே பிறேக் அடிக்காமல், தாண்டிப்போய் இடப்பக்கம் இறங்கி நின்று எடுக்கலாம். சாவகச்சேரியிலிருந்து ஆக மெதுவானவர் முன்னால் வரட்டும், அவருடைய வேகமே எல்லாருடைய வேகம். கடைசியில் வருபவருக்கு அந்த நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது.

நாள் ஞாயிறாக இருந்தால் நகருக்குள் நெரிசல் குறைவு. கிழமை நாளானால் பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழரையையும் விடும் ஒன்றரையையும் தவிருங்கள். ஆஸ்பத்திரி வீதி, பஸ் நிலையப் பக்கம் போகாமல் சுண்டுக்குளிப் பக்கமாகப் பிரதான வீதியால் முற்றவெளிக்கு வருவது நல்லது. நல்லூரில் முடிக்க விரும்புபவர்கள் திருவிழாவின் 25 நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், கோயிலைச் சுற்றிய வீதிகள் அப்போது மூடியிருக்கும். எங்கே முடித்தாலும் பொலிஸுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.

முடிவிடத்தில்தான் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். நாலு மணி நேரம் உழக்கிய கால்களில் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று நின்று, வெயிலில் மாலையோடு உரை கேட்டுக்கொண்டிருந்தால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போகாது. வந்தவுடன் பத்து நிமிடம் மெல்ல நடக்க விடுங்கள். கூடாரமும் கதிரையும் முதலில் ஓட்டுநர்களுக்கு, பிறகுதான் விருந்தினர்களுக்கு. மோரும் வாழைப்பழமும் கையில் கொடுத்த பிறகு உரைகள் தொடங்கட்டும், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள். கடைசி ஆளும் அவரோடு வரும் உதவி வானும் வந்து சேரும்வரை பதாகையைக் கழற்றக் கூடாது.

நிதியைப் பற்றி மேடையில் ஒரு தொகை சொல்ல வேண்டி வரும். வாக்களித்த தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம் வர நாளெடுக்கும் என்பதால், கணக்கை முடிக்கும் திகதி ஒன்றையும் அப்போதே அறிவியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, வாகனச் செலவுக்குத் தனிக் கணக்கு, நன்கொடைக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேருடைய கையெழுத்து. 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனையாக நிற்கிறது. கொடுத்தவர்கள் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றாகப் பணம் மாறினால் அடுத்த பயணத்துக்கும் கொடுப்பார்கள்.

சைக்கிள்களை லொறியில் ஏற்றுமுன் பெடலைக் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை மறுபக்கம் சுற்றும், வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். ஹாண்டிலைத் திருப்பி, சைக்கிளுக்குச் சைக்கிள் நடுவே மட்டை வையுங்கள். அன்று பின்னேரமே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். ஆனையிறவின் உப்பு ஓரிரவு இருந்தாலே செயினில் துரு பிடிக்கத் தொடங்கும்.