விட்போயின் பைபிள்

ஜெர்மனியில் கல்வியும் கலையும் மாநிலங்களின் பொறுப்பு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் ஸ்டுட்கார்ட்டில் ஒரே அமைச்சகம்தான். ஆப்பிரிக்காவில் கொள்ளையடித்த ஒரு பைபிளை அது திருப்பிக் கொடுத்த காரியம் இரண்டு நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை.

1893 ஏப்ரலில், அப்போது ஜெர்மன் காலனியாக இருந்த இன்றைய நமீபியாவில், ஹோர்ன்கிரான்ஸ் குடியிருப்பை ஜெர்மன் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். நாமா மக்களின் தலைவர் ஹென்ட்ரிக் விட்போய் தப்பினார். அவருடைய பைபிளும் சாட்டையும் கொள்ளை போயின. 1902-இல் அவை ஸ்டுட்கார்ட் லிண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. நாமா மொழியில் அச்சான புதிய ஏற்பாடு அது. உள்ளே கையால் எழுதிய குறிப்புகள். ஒரு குடும்பம் கையில் வைத்துப் படித்த புத்தகம், அந்த மொழி தெரியாத ஊரில் நூறாண்டுக்கு மேல் அருங்காட்சியகத்தில் கிடந்திருக்கிறது. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

2019 பிப்ரவரி 28 அன்று, அந்த அமைச்சகத்தின் அப்போதைய அமைச்சர் தெரேசியா பவர் விட்போயின் ஊரான கிபியோனுக்கே நேரில் சென்று இரண்டையும் ஒப்படைத்தார். பார்சலில் அனுப்பாமல் அமைச்சரே போய் நின்றாரே, அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இதைக் கொடை என்று யாரும் சொல்ல வேண்டாம். பறித்ததைத் திருப்பித் தர 126 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

விட்போய் 1905-இல் ஜெர்மானியருடன் போரிட்டே இறந்தார். இன்று நமீபியப் பணத்தாளில் அவர் முகம் இருக்கிறது.