காவலுக்கு வைத்ததை வெளியே அனுப்பிய கதை

அம்பாசமுத்திரத்தில் என் தாய்மாமா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பில் போட ஒரு கணினி உண்டு. 4 ஜிபி நினைவகம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2018-இல் வாங்கும்போதே விற்றவர் ஓர் ஆன்டிவைரஸையும் போட்டுக் கொடுத்திருந்தார். சந்தா இருந்தவரை அது இருப்பதே தெரியவில்லை. சந்தா முடிந்த மறுநாள் முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்காரத் தொடங்கியது. பில்லின் மொத்தத் தொகை வருவதும் அதே மூலையில்தான். வாடிக்கையாளர் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்க, மாமா பெட்டியை மூடிவிட்டுத் தொகையைப் படிப்பார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளூரில் கணினி பழுது பார்க்கும் ஒருவரை அழைத்திருக்கிறார். அவர் அரை மணி நேரத்தில் ‘எடுத்துவிட்டேன்’ என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிவப்புப் பெட்டி நின்றது. கணினியும் பாதி நின்றது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் மாட்டுவண்டி போல அசைந்து வந்தது. விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரோ, வேறொரு ஆன்டிவைரஸ் காவலில் இருப்பதாகச் சொல்லி ஒதுங்கி நின்றது. எடுத்துவிட்ட ஆன்டிவைரஸ் எப்படிக் காவல் காக்கும்?

“மருமகனே, இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்க வேண்டும். ஒருநடை வந்துவிட்டுப் போ” என்றார் மாமா போனில். 2024 மே 18, சனிக்கிழமை. திருநெல்வேலி சந்திப்பில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினேன். நான் கணினிப் படிப்புப் படித்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சொந்தக் கணினியைப் பலமுறை கெடுத்துச் சரிசெய்த அனுபவம் மட்டும் உண்டு. கல்லிடைக்குறிச்சி தாண்டி ரயில் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்வரை கைப்பேசியில் இதைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தேன்.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக பில் கணக்குகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். இந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான் என்று பிறகு தோன்றியது.

வந்துபோனவர் என்ன செய்திருக்கிறார் என்பது சிறிது நேரத்தில் விளங்கியது. முறையாக அன்இன்ஸ்டால் செய்யாமல், அந்த ஆன்டிவைரஸின் ஃபோல்டரைத் திறந்து, அழிகிற கோப்புகளை எல்லாம் அழித்திருக்கிறார். அழிந்தவற்றில் அன்இன்ஸ்டால் செய்யும் கோப்பும் ஒன்று. ஆக, வெளியே போகும் வாசலை இடித்துவிட்டு, ஆளை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கண்ட்ரோல் பேனல் பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது. அழுத்தினால் கோப்பைக் காணவில்லை என்றது.

மிச்சமிருந்த ஃபோல்டரை நானும் அழித்துப் பார்த்தேன். இந்தச் செயலுக்கு இன்னாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. அந்த இன்னார் யார் என்று பார்த்தால், நான் உள்ளே நுழைந்திருந்த அதே கணக்கு. என்னிடம் நானே அனுமதி கேட்க வேண்டுமாம். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “காவலுக்கு வைத்த சாமியைப் பீடத்திலிருந்து எடுப்பதென்றால் உத்தரவு கேட்டுத்தானே எடுக்க வேண்டும்?” என்றார். சுடலைமாடன் கோயில் வீட்டில் பிறந்தவர். நான் படித்துக்கொண்டு வந்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விட இது பொருத்தமாக இருந்தது.

உண்மையும் அதுதான். கணினிக்குள் நுழையும் வைரஸ் முதலில் செய்ய நினைக்கும் காரியம் ஆன்டிவைரஸைக் கொல்வது. அதனால் தன் கோப்புகளையும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் உள்ள தன் பதிவுகளையும் யாரும் தொடாதபடி அது தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. தொடுகிற கை திருடனுடையதா, கடைக்காரருடையதா என்று அது பார்ப்பதில்லை. அந்தப் பூட்டைப் பிடித்திருப்பவை விண்டோஸ் எழும்போதே அதனுடன் எழும் டிரைவர்கள் என்ற அடிமட்ட நிரல்கள். ஒவ்வொரு கோப்பு திறக்கும்போதும் குறுக்கே நின்று சோதிப்பவையும் அவைதான். சோதித்துச் சொல்ல வேண்டிய மேல்நிரல் பாதி அழிந்துபோன பிறகும், வாசலில் நின்ற டிரைவர் உள்ளே கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கணினி அசைந்து வந்தது அதனால்தான் என்பது என் ஊகம்.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் சரக்கைத் துடைத்தெடுக்கத் தனியாக ஒரு கருவி வைத்திருக்கின்றன. முகப்பில் தெரியாது, உதவிப் பக்கங்களில் தேட வேண்டும். இறக்கிக்கொண்டு சேஃப் மோடுக்குப் போனேன். எஃப்8 விசையைத் தட்டித் தட்டி நுழைந்த காலம் விண்டோஸ் 7-உடன் போயிற்று. இப்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, அடுத்தடுத்து வரும் நீலத் திரைகளில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய், 4-ஐ அழுத்த வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும்தான் எழுப்பும். காவல்காரன் தூங்குவான்.

கருவி ஓடியது, முடிந்தது என்றது, முடியவில்லை. பாதி அழித்த வீட்டில் அதற்கும் வழி தெரியவில்லை போலும். மீதியைக் கையால் எடுக்கத் துணிந்தேன். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் இரண்டு கட்டளைகள்: ‘டேக்ஓன்’ ஃபோல்டரின் உரிமையை நம் பெயருக்கு மாற்றும், ‘ஐகேக்ல்ஸ்’ அதில் நமக்கு முழு அதிகாரம் கொடுக்கும். பட்டா மாற்றிய பிறகு வேலி எடுப்பது போல. ஃபோல்டரின் பெயரை ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்துத் தட்ட வேண்டும். தவறி விண்டோஸ் ஃபோல்டரின் உரிமையை மாற்றிவிட்டால் வேறு கதையாகிவிடும்.

புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தது போயிற்று, ஒரே ஒரு கோப்பைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன். அடுத்தது புரோகிராம் டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டர். அங்கேதான் ஆன்டிவைரஸின் சிறைச்சாலை இருந்தது. பிடித்த கோப்புகளைப் பெயர் மாற்றி, உள்ளடக்கத்தையும் குலைத்து, ஓட முடியாதபடி வைத்திருக்கும் இடம். பக்கத்திலேயே எதை எப்போது பிடித்தது என்று ஒரு குறிப்புக் கோப்பு, நோட்பேடில் திறந்தது. பெரும்பாலும் பென் டிரைவ் வழியாக வந்த குப்பை. நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 2021 அக்டோபர் தேதி. தீபாவளி ஸ்டாக் என்று பெயர் வைத்த எக்செல் கோப்பு. உள்ளே மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் சிறு நிரல், இருந்ததால் சந்தேகப்பட்டுப் பிடித்திருக்கிறது.

அந்தக் கோப்பு காணாமல் போனது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடையில் வேலை பார்க்கும் பையன்தான் கைதவறி அழித்துவிட்டான் என்று மாமா தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீபாவளி முழுக்க அவனை ஏசியிருந்தார். இரண்டரை வருடமாக அது இந்த ஃபோல்டருக்குள் கிடந்திருக்கிறது. கூட்டிக் கழிக்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த மேக்ரோவை எழுதிக் கொடுத்தவன் நான்.

மாமாவிடம் காட்டினேன். பையனும் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். “நான் அன்றைக்கே சொன்னேனே அண்ணாச்சி” என்றான். மாமா வரியை இரண்டு முறை படித்தார். “சரி, சரி. அந்த ஐந்து முக விளக்கைத் துடைத்தாயா?” என்றார். என் பங்கைப் பற்றி நான் அப்போது வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோப்பைத் திரும்ப எடுக்க முடியவில்லை. குலைத்து வைத்ததைச் சரிசெய்து தர வேண்டிய நிரல் பாதி செத்துக் கிடந்தது. ஆன்டிவைரஸை எடுக்கப் போகிறவர்கள், அது நல்லபடியாக ஓடும்போதே அந்தச் சிறைக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகுதான் என் பெரிய தவறு. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் அந்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய நான்கு கோப்புகள் இருந்தன. சேஃப் மோடில் இருக்கிற தைரியத்தில் நான்கையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது. கீபோர்டைத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. நம்பர் லாக் விளக்கும் எரியவில்லை. வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். பக்கத்துக் கடையிலிருந்து வேறு கீபோர்டு வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் பிணம். மாமா எதுவும் பேசாமல் பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மவுஸ் வேலை செய்தது. அதுதான் காப்பாற்றியது. நுழைவுத் திரையின் மூலையில் இருக்கும் சிறிய அடையாளத்தைச் சொடுக்கினால் திரையிலேயே ஒரு கீபோர்டு விரியும். “பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் மாமா” என்றேன். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் காதருகே குனிந்து பழைய மொபெட்டின் பதிவு எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மவுஸால் ஒவ்வொன்றாகக் குத்தினேன்.

கணினியில் மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்கு நேரே மஞ்சள் முக்கோணம். பிழை எண் 39, அதாவது டிரைவரைக் காணவில்லை. கைப்பேசியில் தேடியபோது காரணம் கிடைத்தது. வங்கிப் பாஸ்வேர்டை யாரும் ஒட்டுக்கேட்காமல் இருக்க, சில ஆன்டிவைரஸ்கள் கீபோர்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவிலும் ஒரு டிரைவரை நிறுத்துகின்றன. நான் அழித்த நான்கில் ஒன்று அது. ஆனால் அதைக் கூப்பிடும் வரி ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருந்தது. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது, ஆள் வரவில்லை, கீபோர்டையே எழுப்பாமல் விட்டுவிடுகிறது.

ரெஜிஸ்ட்ரியில் கீபோர்டு வகைக்குரிய இடத்தில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’ என்று ஒரு பதிவு. திறந்தால் இரண்டு வரிகள். ஒன்று அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தில் தொடங்குவது. மற்றது ‘கேபிடி கிளாஸ்’. முதலாவதை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது விண்டோஸின் சொந்த ஆள்; அதையும் சேர்த்துத் துடைத்தால் கீபோர்டு நிரந்தரமாகப் படுத்துவிடும். மவுஸால் அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கை நடுங்கியது உண்மை. ரீஸ்டார்ட். நம்பர் லாக் பச்சை விளக்கு எரிந்தபோது கடைப் பையன் கைதட்டினான்.

முதலில் பெயரைக் கூப்பிடும் இடங்களை நீக்கியிருக்க வேண்டும். ஆளை அதற்குப் பிறகுதான் அனுப்பியிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். அந்தப் பாடத்தோடு, அந்த ஆன்டிவைரஸின் பெயர் ஒட்டியிருக்கும் மற்ற இடங்களைத் தேடினேன். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோரன்ஸ்’ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. கணினி எழும்போது எதெதெல்லாம் கூடவே எழுகின்றன என்று ஒரே பட்டியலாகக் காட்டும். கோப்பு இல்லாத பதிவுகள் மஞ்சளில் தெரியும். ஐந்து மஞ்சள் வரிகளை எடுத்தேன். கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளிலும் அதன் பெயரில் ஒன்று இருந்தது. அதை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்தேன். இல்லாவிட்டால் அடுத்தது இணையம் படுத்திருக்கும்.

எஃப்எல்டிஎம்சி என்ற கட்டளை, கோப்புகளுக்குக் குறுக்கே நிற்கும் டிரைவர்களை ஓர் எண்ணோடு வரிசைப்படுத்தும். ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியது 320000 முதல் 329998 வரை. இப்போது அந்த வரிசையில் ஒருவருமே இல்லை. டிஃபெண்டருக்கு உரிய எண் 328010, அதுவும் வரவில்லை. விண்டோஸின் பாதுகாப்பு மையத்தில் பழைய ஆன்டிவைரஸின் பெயர் இன்னும் பதிவில் இருந்ததுதான் காரணம். வேலையை விட்டுப் போனவனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும்வரை புது ஆளுக்கு இடம் இல்லை. ‘டபிள்யூபெம்டெஸ்ட்’ என்ற கருவியில் அந்தப் பதிவைத் தேடி அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் பட்டியலில் 328010 வந்து நின்றது.

மீதி ஒரே ஒரு கோப்பு. கோப்புகளின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில், வைரஸ் சோதனை என்று ஒரு வரியைச் சேர்க்கும் கோப்பு அது. திரையைத் தாங்கும் எக்ஸ்ப்ளோரரே அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சேஃப் மோடிலும் விடவில்லை. அடுத்த முறை விண்டோஸ் எழும்போது, யாரும் பிடிப்பதற்கு முன்பே அழித்துவிடச் சொல்லி ‘மூவ்ஃபைல்’ கருவியில் எழுதி வைத்துவிட்டு, இரவு கணினியை ஷட்டவுன் செய்து தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை வந்து பார்த்தால் அது அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது. மாமா பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டுத்தான் கடையை அடைத்திருந்தார். கொஞ்சம் குழம்பிய பிறகு உறைத்தது. விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. விண்டோஸ் தன் உள்கருவை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். ரீஸ்டார்ட்தான் உண்மையான மறுதொடக்கம். கொடுத்தேன். கோப்பு போயிற்று, வெறும் ஃபோல்டரை டெலிட் விசையால் அழித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜிஎஸ்டி கணக்கு போய்விட்டது. ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரில் இன்னும் சில வரிகள் கிடக்கின்றன. எதையும் கூப்பிடாத, எதற்கும் குறுக்கே நிற்காத வரிகள். அவற்றையும் துடைக்கிறேன் என்று ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையாவது ஓடவிட்டால், மறுபடி எந்த விளக்கு அணையும் என்று தெரியாது. “எல்லாம் சுத்தமாகப் போய்விட்டதா?” என்று மாமா கேட்டார். போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.