பதினாறா, பதினாலா? எக்ஸ்ரே அறையிலிருந்து சில குறிப்புகள்

வயதைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்பவர்களோடுதான் எனக்குப் பழக்கம். பதினாறு வயதுக்குட்பட்டோர் அணிக்கென்று மீசை முளைத்த பையனைக் கூட்டிவருவார்கள். "கொஞ்சம் பார்த்து எழுதுங்க டாக்டர்" என்று கூட வந்தவர் குழைவார். கதிரியக்கத் துறையில் எலும்பு வயது பார்க்கிறவர்களுக்கு இது அன்றாடப் பாட்டு. வயதைக் கூட்டி எழுத முடியுமா என்ற கேள்வி எனக்கு ஒரே ஒரு விளையாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. அது பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்.

ஏன் கூட்ட வேண்டும்? சிறிய உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும். இடுப்பும் தோளும் அகலுமுன், எடை ஏறுமுன், விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் மனதில் படியுமுன் கற்ற வித்தைகளைப் பெரியவளாகிச் செய்வது கடினம் என்று பல பயிற்சியாளர்கள் நம்பினார்கள். 1976-இல் மான்ட்ரியலில் நாடியா கோமனெச்சி முழுப் பத்து மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு வயது 14. அன்றைய விதிக்கு அது போதும். பிறகு சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு 1981-இல் குறைந்தபட்ச வயதை 15 ஆக்கியது, 1997-இல் 16 ஆக்கியது. பிள்ளைகளின் உடம்பைக் காப்பாற்றத்தான் உயர்த்தினார்கள். ஆனால் கோட்டை உயர்த்தியதும், கோட்டுக்குக் கீழே நின்ற திறமையான பிள்ளைகளைத் தாளில் மட்டும் வளர்த்துவிடும் ஆசையும் சிலருக்கு வந்துவிட்டது.

கோடு என்றால் நாள்காட்டிக் கோடு. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 16 நிறைந்தால் சரி. சிமோன் பைல்ஸ் பிறந்தது 1997 மார்ச்சில். மூன்று மாதம் முந்திப் பிறந்திருந்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு வயதுத் தகுதி இருந்திருக்கும். இல்லாததால் அடுத்த ஆண்டுதான் உலகப் போட்டிக்கு வந்தார். வந்ததும் உலகச் சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனபோது, 2005-இல் பிறந்தவர்களும் ஆடலாம் என்று அனுமதித்தார்கள். ஓர் ஆண்டு முன்னால் தகுதியில்லாத பிள்ளை, போட்டி தள்ளிப்போன ஒரே காரணத்தால் தகுதி பெற்றுவிட்டாள். நாள்காட்டியை இப்படி நகர்த்தலாம். எலும்பை நகர்த்த முடியாது. என் வேலையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இடது கையைத் தட்டில் விரித்து வைத்து ஒரு படம் எடுப்போம். விரல் எலும்புகள், மணிக்கட்டுச் சில்லுகள், முன்கை எலும்புகள் இரண்டின் கீழ்முனை ஆகியவை எந்த அளவு முற்றியிருக்கின்றன என்று பார்த்து, கிரூலிக்-பைல் படத்தொகுப்பின் மாதிரிப் படங்களோடு ஒப்பிடுவோம். அந்த மாதிரிகள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் 1930-களில் எடுக்கத் தொடங்கிய படங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு எலும்புக்கும் தனி மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற டானர்-ஒயிட்ஹவுஸ் முறையும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் பதின்வயதில் இரண்டு வருடம் முன்பின் இருப்பது சகஜம். நோயில்லாத, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கே இந்தக் கதை.

ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் அந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை. மணிக்கணக்கில் பயிற்சி, அதற்கு ஈடாகாத சாப்பாடு; பூப்பெய்துவது தள்ளிப்போகும், எலும்பு முற்றுவதும் பின்தங்கும். தாமதமாக வளரும் சிறு உடம்புக்காரப் பிள்ளைகளே இந்த ஆட்டத்தில் நிலைத்து நிற்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். எது கோழி, எது முட்டை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

மணிக்கட்டு வலி என்று ஒரு பெண்ணைப் பயிற்சியாளர் கூட்டிவந்தார். சான்றிதழில் வயது 14. எங்கள் டெக்னீஷியன் அக்கா, "பாப்பா, விரலை நல்லா விரிச்சு வை, ஆடாம இரு" என்றதும், அவள் சிலை மாதிரி நின்றாள். அசையாமல் நிற்பது அவளுக்குப் பயிற்சியில் ஒரு பாடம். கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கும்; எலும்பு நீளுகிற குருத்தெலும்புப் பகுதி அது, வளர்ச்சி முடிந்ததும் மூடிவிடும். படத்தில் அது மெல்லிய பென்சில் கோடு போலத் தெரிய வேண்டும். அவளுக்கு அது அகன்று, ஓரம் பிசிறடித்துக் கிடந்தது. பக்கத்து எலும்பு கொஞ்சம் நீண்டிருந்தது. நாமெல்லாம் காலில் தாங்குகிற எடையை வருடக்கணக்காகக் கையில் தாங்கிய மணிக்கட்டு அது. ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே அதற்குப் பெயர். மற்ற எலும்புகளைப் பார்த்தால் பன்னிரண்டரை வயது மாதிரிப் படத்தோடு பொருந்தின.

"அப்போ வயசு பன்னிரண்டரைதானா டாக்டர்?" என்றார் பயிற்சியாளர், முகம் வெளுத்து.

"பதினாலாகவும் இருக்கலாம் சார், பன்னிரண்டாகவும் இருக்கலாம். எலும்பு ரெண்டுக்கும் ஆட்சேபம் சொல்லலை."

"பதினாறுன்னு யாராவது எழுதிக் கேட்டா?"

"அதுக்கும் ஆட்சேபம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நான் எழுத மாட்டேன். இந்தக் கைக்கு ஆறு வாரமாவது ஓய்வு வேணும், அதை எழுதித் தர்றேன்."

அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ள அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை.

கால்பந்தில் மணிக்கட்டு எம்ஆர்ஐ வேலை செய்கிறது. 2009-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா அதைக் கொண்டுவந்தது. வளர்ச்சித் தட்டு முழுதாக மூடியிருந்தால் பையன் 17-ஐத் தாண்டிவிட்டான் என்று அனேகமாக உறுதியாகச் சொல்லலாம். அங்கே கேள்வி, தாண்டிவிட்டானா என்பது. ஜிம்னாஸ்டிக்ஸில் கேள்வி, எட்டிவிட்டாளா என்பது. தட்டு மூடவில்லை என்பதால் ஒரு பெண் 16-ஐ எட்டவில்லை என்று ஆகிவிடாது. சாதாரணப் பெண்களுக்கே அது மூடப் பதினேழு ஆகும். அதே படம், அதே எலும்பு. கேள்வி திரும்பியதும் பதில் கிடைக்காமல் போகிறது.

ஆகவே இந்த விளையாட்டின் பெரிய வயதுச் சர்ச்சைகளில் பிடிபட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தது தாள்தான். வட கொரியாவின் கிம் குவாங்-சுக் 1991 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஏற்றத்தாழ்வுக் கம்பிகளில் (ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக இருக்கும் இரட்டைக் கம்பிகள்) தங்கம் வென்றவர். முன்பல் இல்லாத வாயோடு அவர் சிரிக்கும் படத்தைக் காட்டி, "பால் பல் விழுகிற குழந்தை" என்று பேசினார்கள். முன்பற்கள் விழுந்து முளைப்பது ஆறிலிருந்து எட்டு வயதுக்குள். அந்தப் பெண் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டியவள்தான். கம்பியில் அடிபட்டுப் போன பல் என்று அவர் தரப்பு சொன்னது. மருத்துவ அறிவு அதை மறுக்கவில்லை. மாட்டிவிட்டது வேறு: தொடர்ந்து மூன்று ஆண்டு அவருக்கு 15 வயது என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1993 உலகச் சாம்பியன்ஷிப்புக்கு அந்த நாட்டுக்குத் தடை. பிறகும் பாடம் ஏறவில்லை. அதே நாட்டின் ஹாங் சு-ஜாங்குக்கு 1985, 1986, 1989 என்று மூன்று பிறந்த ஆண்டுகள் பதிவாகியிருந்தது 2010-இல் தெரியவந்து, மறுபடி தடை. லண்டன் ஒலிம்பிக்கும் போயிற்று.

சீனாவின் டாங் ஃபாங்ஷியாவ் கதை இன்னும் வேடிக்கை. 2000 சிட்னியில் குழு வெண்கலம் வாங்கியபோது அவர் 1983 ஜனவரியில் பிறந்ததாகப் பதிவு. 2008 பெய்ஜிங்கில் தொழில்நுட்ப அலுவலராக வேலைக்கு வந்தவர், அனுமதி அட்டைக்கு 1986 ஜனவரி என்று கொடுத்தார். அதாவது சிட்னியில் அவருக்கு வயது 14. 2010 ஏப்ரலில் ஒலிம்பிக் கமிட்டி பதக்கத்தைப் பறித்து அமெரிக்கக் குழுவுக்குக் கொடுத்தது. அதே குழுவில் ஆடிய யாங் யுன், அப்போது தனக்கு 14 என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தும், ஆதாரம் போதாதென்று எச்சரிக்கையோடு தப்பினார். அவருடைய தனிநபர் வெண்கலம் அவரிடமே இருக்கிறது. ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ், தன் பிறந்த ஆண்டு 1972-இலிருந்து 1970 ஆக மாற்றப்பட்டதை 2002-இல் வெளியே சொன்னார். 13 வயதில் அவர் வென்ற உலகத் தங்கமும் பறிக்கப்படவில்லை. பதக்கம் பறிபோனாலும் போகாவிட்டாலும், பேர் கெடுவது பிள்ளைக்கு. எண்ணை மாற்றிய அதிகாரியின் பேர் யாருக்கும் நினைவில் இல்லை. பதினாலு வயதுப் பெண் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தனியாகப் போய்த் தேதியை மாற்றியிருப்பாளா என்ன?

2008-இல் பெய்ஜிங்கில் ஆடிய சீனாவின் ஹே கெக்சின் விஷயமும் தாளில்தான் ஓடியது. பாஸ்போர்ட்டில் 1992, உள்நாட்டுப் பட்டியல்களில் 1994. விசாரித்த கூட்டமைப்பு, கொடுத்த ஆவணங்கள் சரி என்று முடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 2009 முதல், சர்வதேசப் போட்டிக்கு வரும் ஜூனியர்களும் உரிமம் எடுக்க வேண்டும் என்றானது. இது நல்ல ஏற்பாடு என்பேன். ஒலிம்பிக் கண்ணுக்குத் தெரியாத வயதில் பதிவான தேதியைத் திருத்த யாருக்கும் அவசரம் இருக்காது. எக்ஸ்ரேவும் அப்படியே. சின்ன வயதில் எலும்பு வயதுக்கும் உண்மை வயதுக்கும் வித்தியாசம் குறைவு. வளர வளரத்தான் இடைவெளி விரியும். ஏழு வயதில் எடுத்த, தேதி அச்சிட்ட பழைய ஃபிலிம் ஒன்று இருந்தால், இன்றைக்கு நான் எடுக்கும் படத்தைவிட அது நல்ல சாட்சி.

அதனால் இப்போதெல்லாம் வயதுக்கென்று யார் வந்தாலும், படம் எடுக்குமுன் "முன்னாடி கை கால் உடைஞ்சிருக்கா, பழைய ஃபிலிம் வீட்டில் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். மற்ற விளையாட்டுக்காரர்கள் யோசித்து இல்லை என்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் அம்மாக்கள் எந்தக் கை என்று திருப்பிக் கேட்கிறார்கள்.