பரஸின்ஸ்கி போட்ட ஐந்து தையல்

அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் பரஸின்ஸ்கி என்றதும் பலரும் எவரெஸ்டைத்தான் சொல்வார்கள். விண்வெளிக்கும் போய், 2009 மே 20 அன்று அந்த உச்சியையும் தொட்ட முதல் ஆள். ஐந்து பயணம், ஏழு விண்நடை, வெளியே மொத்தம் 47 மணி நேரத்துக்கு மேல் என்ற அவருடைய கணக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது, சர்வதேச விண்வெளி நிலையத்தின் கிழிந்த சூரியத் தகட்டைச் சரிசெய்ய 2007 நவம்பர் 3 அன்று அவர் செய்த 7 மணி 19 நிமிட வேலை.

அதற்கு முன் கொஞ்சம். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். 1992-ல் நாசாவில் சேர்ந்தார். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் நீண்ட நாள் தங்குவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆறடி இரண்டு அங்குல உயரம் ரஷ்யக் கலமான சோயுஸின் இருக்கைக்கு ஒத்துவராது என்று எடுத்துவிட்டார்கள். 1997-ல் அமெரிக்க விண்கலத்தில் அதே மிருக்குப் போய், ரஷ்ய வீரர் விளாடிமிர் டிட்டோவுடன் தன் முதல் விண்நடையை முடித்தார். 2001-ல் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டுடன் சேர்ந்து கனடா செய்த ரோபோ கையை சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தினார். அன்று ஹாட்ஃபீல்டின் கண்ணில் ஹெல்மெட் கண்ணாடிக்குப் பூசும் பனித்தடுப்புச் சோப்புக் கரைசல் பட்டுவிட்டது. எடையற்ற இடத்தில் கண்ணீர் வழியாது. கண்ணிலேயே திரண்டு அடுத்த கண்ணுக்கும் பரவும். சிறிது நேரம் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அப்போது பொருத்திய அந்தக் கைதான் ஆறு வருடம் கழித்துப் பரஸின்ஸ்கியையே சுமந்தது.

2007 அக்டோபரில் பரஸின்ஸ்கியும் இருந்த டிஸ்கவரி விண்கலக் குழுவினர் பி6 என்ற பகுதியைக் கழற்றி, நிலையத்தின் இடதுகோடியில் மாட்டினார்கள். அதன் இரண்டு சூரியத் தகடுகளும் விசிறி மடிப்பாக மடங்கிப் பெட்டிக்குள் இருந்தன. முதல் தகடு ஒழுங்காக விரிந்தது. 4பி என்ற இரண்டாவது முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பிறகு கிழிந்தது. விரியும்போது தகடு நேராக வர உதவும் மெல்லிய வழிகாட்டிக் கம்பி சிக்கிக்கொண்டதுதான் காரணம். 2006 டிசம்பரில் இதே தகட்டை மடிக்கும்போதே கம்பி சண்டித்தனம் செய்திருந்தது. பெரிய கிழிசல் சுமார் 75 சென்டிமீட்டர். பாதியில் நிற்கும் தகட்டுக்கு விறைப்பு போதாது. சூரியனை நோக்கிச் சுழற்றினால் இன்னும் கிழியலாம்.

இதற்கென்று உதிரிப்பாகம் எதுவும் கிடையாது. உள்ளே கிடந்த கம்பி, அலுமினியத் துண்டு, டேப் இவற்றைக்கொண்டே குழுவினர் ஐந்து இணைப்புப் பட்டைகள் செய்தார்கள். கம்பியின் இரு முனையிலும் ஒரு சின்னத் தகட்டுத் துண்டு. கிழிசலுக்கு இந்தப் பக்கமுள்ள ஓட்டையில் ஒரு முனையை நுழைத்துக் குறுக்கே திருப்பினால், சட்டைக் கைப் பொத்தான் மாதிரி நின்றுகொள்ளும். மறுமுனை அந்தப் பக்கத்து ஓட்டையில். தகட்டை இழுக்கும்போது வரும் இழுவிசை பிய்ந்த இடத்துக்குப் போகாமல் இந்தக் கம்பிக்குப் போய்விடும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. ரோபோ கை மட்டும் எட்டாது. விண்கலத்தின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் 15 மீட்டர் கம்பத்தை அந்தக் கையில் பிடிக்க வைத்து, கம்பத்தின் நுனியில் கால்பிடி மாட்டி, அதில் பரஸின்ஸ்கியை நிறுத்தினார்கள். கம்பத்தின் நுனியில் நின்று வேலை செய்ய முடியுமா என்று 2006 ஜூலையிலேயே வேறொரு குழு சோதித்துப் பார்த்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஸ்டெஃபனி வில்சனும் டான் டானியும் உள்ளிருந்து கையை இயக்க, கிழிசல் வரை போக ஏறத்தாழ முக்கால் மணி நேரம். விண்வெளி உடையின் அவசர ஆக்சிஜனோ அரை மணிக்குத்தான் உறுதி. அதாவது உடை பழுதானால் திரும்பி வருவதற்குள் காற்று தீர்ந்துவிடும். தெரிந்தேதான் அனுப்பினார்கள்.

அடுத்த ஆபத்து மின்சாரம். வெயில் படும் நேரமெல்லாம் சூரியத் தகட்டை அணைத்து வைக்க வழியில்லை. நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் உடையின் உலோக வளையங்களையும் கருவிகளையும் காப்டன் என்ற மின்காப்பு டேப்பால் சுற்றினார்கள். காற்றில்லாவிட்டாலும் தகடு அசையும், ஆளை நோக்கி வரும். கையால் தள்ளக் கூடாது. அதற்காக ஹாக்கி மட்டை வடிவில் மின்காப்பு செய்த ஒரு கோல். ஒரு கையில் கோலால் தகட்டை விலக்கிக்கொண்டு, மறுகையில் பட்டையை ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். உடைக்குள் இருக்கும் அழுத்தத்தால் கையுறை விறைத்து நிற்கும். ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான்.

சிக்கிய கம்பியை வெட்டினார், ஐந்து பட்டைகளையும் மாட்டினார். தகட்டின் அடியில் நின்ற, அன்று கூட விண்நடை செய்த டக் வீலாக், வெட்டுப்பட்ட கம்பி சுருளுக்குள் போவதைக் கவனித்துக்கொண்டார். பிறகு பரஸின்ஸ்கியைச் சற்றுப் பின்னால் நகர்த்திவிட்டு, கொஞ்சம் விரித்து நிறுத்தி, பார்த்து, மறுபடி கொஞ்சம் விரித்து, முழு நீளத்துக்கும் கொண்டுபோனார்கள். மிருக்கு ஆகாத அந்த உயரமும் அதோடு வந்த நீளக் கைகளும் அன்று நன்றாகவே பயன்பட்டன. கிழிந்ததைத் தொடாமல் சுற்றியிருக்கும் நல்ல பகுதியில் பிடிமானம் தேடுவது மருத்துவப் பயிற்சி தந்த பழக்கம் என்பது என் ஊகம்.

அதுவே அவருடைய கடைசி விண்நடை. 2009-ல் நாசாவை விட்டு வந்துவிட்டார். 2021 ஜூனில் அதே 4பி-க்கு முன்னால், சுருளிலிருந்து விரியும் புதுத் தகடு ஒன்றை விண்வெளி வீரர்கள் ஷேன் கிம்ப்ரோவும் தோமா பெஸ்கேயும் பொருத்தினார்கள்; பழையதைக் கழற்றாமல் அப்படியே விட்டார்கள்.